கிராங்க்‌ஷாஃப்ட்டை மாற்றினால் எஞ்சின் வேகமாகச் சுழலுமா?

எஞ்சின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டரின் கடைசிப் பகுதியில் சிவப்பாக ஒரு பட்டை இருக்கும். ஒரு எஞ்சினில் அது நிமிடத்துக்கு 7,000 சுற்றில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 9,000-க்குத் தள்ளிப்போட முடியுமா? இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலோர் உடனே ஒரு யோசனை சொல்வார்கள்: கிராங்க்‌ஷாஃப்ட்டை இன்னும் கனமாக, பலமாகச் செய்து போடு. இதில் பலமாக என்பது சரி. கனமாக என்பதில்தான் வம்பு.

கிராங்க்‌ஷாஃப்ட்டைப் பாடப்புத்தகம் வணரித்தண்டு என்று சொல்லும். பட்டறையில் அது வெறும் கிராங்க். சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது புதிய பொருளே அல்ல. தொடை மேலும் கீழும் போகிறது, நடுவில் இருக்கும் அச்சு சுற்றுகிறது. எஞ்சினில் தொடையின் இடத்தில் பிஸ்டன், முழங்காலுக்குக் கீழே உள்ள பகுதியின் இடத்தில் கனெக்டிங் ராடு, பெடலின் இடத்தில் கிராங்க் பின். பெடலையும் அச்சையும் இணைக்கும் கை இருக்கிறதே, அதற்கு இங்கே வெப் என்று பெயர். நடு அச்சு மெயின் ஜர்னல். அது எஞ்சினின் உடலான பிளாக்கில் உள்ள மெயின் பேரிங்குகளில் உட்கார்ந்து சுற்றுகிறது. பின்னுக்கு எதிர்ப்பக்கமாகத் தடித்து நிற்கும் இறக்கைகள் கவுன்டர் வெயிட். நான்கு சிலிண்டர் எஞ்சின் என்றால் இதே அமைப்பு நான்கு முறை, ஒரே தண்டில் வரிசையாக.

மெயின் ஜர்னலின் மையத்திலிருந்து பின்னின் மையம் வரை உள்ள தூரம் கிராங்கின் ஆரம். பிஸ்டன் மேலிருந்து கீழே போகும் தூரமான ஸ்ட்ரோக், இதில் சரியாக இரண்டு மடங்கு. இந்த ஒரு அளவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்ப வரும்.

கிராங்கை உடைப்பது யார்?

பெட்ரோல் வெடித்து பிஸ்டனைத் தள்ளும் விசைதான் கிராங்குக்கு எதிரி என்று தோன்றும். அந்த விசை சிறியதல்ல. 86 மில்லிமீட்டர் போர் (அதாவது சிலிண்டரின் உள்விட்டம்), 86 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் உள்ள ஒரு 2 லிட்டர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். கட்டுரை முழுக்க இதுவே நம் எஞ்சின். உச்ச அழுத்தம் 60 பார் (ஒரு பார் ஏறத்தாழ நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்) என்றால், ஒரு பிஸ்டன் மீது சுமார் 3,500 கிலோ எடைக்குச் சமமான தள்ளல் விழுகிறது. ஆனால் எஞ்சினை வேகமாகச் சுழற்றினால் இந்த எண் பெரிதாக ஏறாது. 3,000 சுற்றிலும் 7,000 சுற்றிலும் ஏறத்தாழ அதே அளவுதான்.

ஏறுவது வேறொன்று. பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பி, கீழே வந்து நின்று, மறுபடி திரும்புகிறது. ஓடுகிற பொருளை நிறுத்தித் திருப்புவதற்கு விசை வேண்டும். அந்த விசையைக் கொடுப்பது கனெக்டிங் ராடு வழியாக கிராங்க்தான். இந்த நிலைம விசை வேகத்தோடு மட்டும் வளர்வதில்லை, வேகத்தின் வர்க்கத்தோடு வளர்கிறது. சுற்று இரட்டிப்பானால் விசை நான்கு மடங்கு.

பிஸ்டன், அதை ராடோடு இணைக்கும் பிஸ்டன் பின், ராடின் மேல்முனை எல்லாம் சேர்ந்து 500 கிராம், ராடின் நீளம் 143 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 3,500 சுற்றில் பிஸ்டனை உச்சியில் திருப்ப வேண்டிய விசை 380 கிலோ எடை. 7,000-இல் 1,530. 9,000-இல் 2,530. அரைக் கிலோ உலோகத்தைத் திருப்ப இரண்டரை டன்! அதுவும் ஒரு நொடியில் 150 முறை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வெடிப்பு நடக்கும் சுற்றில், உச்சியில் பிஸ்டன் மேல்நோக்கிப் பறக்கப் பார்க்கும்போது வாயு அதைக் கீழே அமுக்குகிறது. இரண்டு விசைகளும் ஒன்றை ஒன்று ஓரளவு கழித்துவிடுகின்றன. அடுத்த சுற்றில், புகை வெளியேறும்போது, பிஸ்டனைத் தடுக்க மேலே எதுவும் இல்லை. முழு இழுவையும் ராடு மீதும் கிராங்க் பின் மீதும் விழுகிறது. அதனால் வேகம் கூடக் கூட, எஞ்சின் தன் நெருப்பைவிடத் தன் சொந்த எடைக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். கனமான கிராங்க் ஏன் பதில் ஆகாது என்பதன் முதல் காரணம் இங்கே இருக்கிறது: பிரச்சினையே எடைதான்.

முதலில் ஆரத்தைக் குறை

வேகம், எடை, ஆரம் மூன்றும் சேர்ந்து அந்த விசையைத் தீர்மானிக்கின்றன. வேகத்தைக் கூட்டுவதுதான் நம் நோக்கம், அதைத் தொட முடியாது. மிச்சம் இருப்பது எடையும் ஆரமும்.

ஸ்ட்ரோக்கை 86-லிருந்து 74 மில்லிமீட்டராகக் குறைப்போம். ஆரம் 43-லிருந்து 37 ஆகிறது. பிஸ்டன் இப்போது உச்சிக்கு 6 மில்லிமீட்டர் முன்பாகவே நின்றுவிடும் என்பதால் ராடை அவ்வளவு நீளமாக்க வேண்டும். அதுவும் ஒரு சின்ன நன்மையே, நீளமான ராடு உச்சியில் பிஸ்டனைக் கொஞ்சம் மென்மையாகத் திருப்பும். இப்போது 9,000-இல் விசை 2,530 கிலோ அல்ல, சுமார் 2,090. பிஸ்டன் தொகுப்பை 420 கிராமுக்கு இளைக்க வைத்தால் 1,760-க்கு இறங்குகிறது. பழைய 7,000 சுற்றில் இருந்த 1,530-க்குப் பக்கத்தில் வந்துவிட்டோம், கிராங்க் உலோகத்தை இன்னும் தொடவே இல்லை.

பிஸ்டனின் சராசரி வேகம் என்று ஒரு கணக்கு உண்டு. ஒரு சுற்றுக்கு ஸ்ட்ரோக்கின் இரண்டு மடங்கு தூரம் ஓடுகிறது, அதை நொடிக்கு எத்தனை சுற்று என்பதால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். இதை வைத்துப் பார்த்தால் ஆச்சரியமான ஒப்பீடு கிடைக்கும். ஃபார்முலா 1-இல் 2.4 லிட்டர் வி8 எஞ்சின்கள் (வி வடிவில் எட்டு சிலிண்டர்) ஓடிய காலத்தில், 2009 முதல் 18,000 சுற்று உச்சவரம்பு இருந்தது. போர் 98 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது விதி. அந்த அளவுக்கு ஸ்ட்ரோக் 40 மில்லிமீட்டர்கூட வராது. சராசரி வேகம் நொடிக்கு சுமார் 24 மீட்டர். ஹோண்டா எஸ்2000 என்ற சாலைக் காரின் முதல் 2 லிட்டர் எஞ்சினுக்கு ஸ்ட்ரோக் 84 மில்லிமீட்டர், சிவப்புக் கோடு 9,000-க்கு அருகே. அதன் பிஸ்டன் நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது! பாதிச் சுற்றில் பந்தயக் காரின் பிஸ்டனையே முந்துகிறது. அந்த எஞ்சினைப் பின்னர் 2.2 லிட்டராக்க ஸ்ட்ரோக்கை 90.7-க்கு நீட்டியபோது, சிவப்புக் கோட்டை 8,000-க்கு இறக்க வேண்டியிருந்தது. 18,000 என்ற எண்ணில் பாதி மாயம், குட்டையான கிராங்க் ஆரத்தில் இருக்கிறது. (உச்சியில் திருப்பும் விசையைப் பார்த்தால் பந்தய எஞ்சின் இன்னும் கொடூரமானதுதான். சராசரி வேகம் முழுக் கதையையும் சொல்லாது.)

குட்டை ஆரம் தரும் இன்னொரு பரிசு பலருக்குத் தெரியாது. கிராங்கை முனையிலிருந்து பார்த்தால் மெயின் ஜர்னலின் வட்டமும் பின்னின் வட்டமும் ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் படிந்திருக்கும். மெயின் 55, பின் 48 மில்லிமீட்டர் விட்டம் என்றால், 43 ஆரத்தில் அந்தப் படிவு வெறும் 8.5 மில்லிமீட்டர். 37 ஆரத்தில் 14.5. விசை ஒரு ஜர்னலிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் பாலம் அது. ஒரு கிராம்கூடச் சேர்க்காமல் பாலம் அகலமாகிவிட்டது, தண்டு விறைப்பாகிவிட்டது.

இலவசம் எதுவும் இல்லை, சரி. நம் 2 லிட்டர் இப்போது சுமார் 1.7 லிட்டர் ஆகிவிட்டது. முறுக்கு விசை ஏறத்தாழ 14 சதவீதம் குறையும். சுற்று 29 சதவீதம் ஏறும். இரண்டையும் பெருக்கினால், எஞ்சின் அந்த வேகத்திலும் நன்றாக மூச்சு விட்டால், சக்தியில் கிடைப்பது சுமார் 10 சதவீதம். இவ்வளவு வேலைக்கு இவ்வளவுதானா என்று கேட்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அளவு கட்டுப்படுத்தப்பட்ட பந்தயங்களில் மட்டுமே இந்தப் பைத்தியம் நன்றாகப் பலன் தரும்.

எதிர் எடை எங்கே இருக்க வேண்டும்

வரிசையாக நான்கு சிலிண்டர் உள்ள எஞ்சினில் 1, 4 பிஸ்டன்கள் மேலே போகும்போது 2, 3 கீழே வருகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் முக்கியமான இழுவைகள் ஒன்றை ஒன்று சமன் செய்துவிடுகின்றன. அப்படியென்றால் கவுன்டர் வெயிட் எதற்கு? தண்டின் உள்ளே பாருங்கள். இரு முனைகளும் மேலே இழுக்கப்படுகின்றன, நடுப்பகுதி கீழே. கூட்டினால் பூஜ்யம், ஆனால் தண்டு வில்லாக வளைகிறது. அதைத் தடுத்துப் பிடிப்பது மெயின் பேரிங்குகள். ராடின் கீழ்முனை மட்டும் 400 கிராம் இருந்தால், 9,000 சுற்றில் அது ஒவ்வொரு பின்னையும் பழைய 43 ஆரத்தில் சுமார் 1,560 கிலோ அளவில் வெளியே இழுக்கும். புதிய 37 ஆரத்தில் அது சுமார் 1,340. இருந்தாலும் நான்கு பின்களிலும், நிற்காமல்.

இதை அந்தந்த இடத்திலேயே சமன் செய்ய, ஒவ்வொரு பின்னுக்கும் இரண்டு பக்கமும் எதிர் எடை வைப்பார்கள். சாதாரண நான்கு சிலிண்டர் கிராங்க் பலவற்றில் நான்கு எடைகள் மட்டுமே இருக்கும். அதிவேக கிராங்கில் எட்டு. பேரிங்குக்கு நிம்மதி. ஆனால் தண்டின் எடை கூடுகிறது, முடுக்கும்போது மந்தமாகிறது.

இந்த இடத்தில் இயற்பியல் ஒரு சந்து விடுகிறது. சமன் செய்யும் திறன் எடை பெருக்கல் ஆரம். சுழற்சிக்கு எதிர்ப்பு, அதாவது சுழற்சி நிலைமம், எடை பெருக்கல் ஆரத்தின் வர்க்கம். எதிர் எடையை மையத்துக்குப் பாதி தூரம் நெருக்கமாகக் கொண்டுவந்தால் எடையை இரட்டிப்பாக்க வேண்டும், ஆனால் சுழற்சி நிலைமம் பாதியாகக் குறையும். மையத்துக்கு அருகே இடம் குறைவு. அதனால் எஃகைவிட இரண்டு மடங்குக்கு மேல் அடர்த்தியான டங்ஸ்டன் கலவைத் துண்டுகளை எதிர் எடைக்குள் துளையிட்டுச் செருகுகிறார்கள். விலை அதிகம், துளையிடுவதும் சுலபமில்லை.

வி8 எஞ்சின்களில் எதிர் எடைக் கதை இன்னும் தெளிவாகத் தெரியும். பெரும்பாலான பெரிய வி8-களில் கிராங்க் பின்கள் முனையிலிருந்து பார்த்தால் கூட்டல் குறிபோல 90 பாகையில் நிற்கும். இது குலுங்காது, ஆனால் கனமான எதிர் எடைகள் கேட்கும். பின்கள் எல்லாம் ஒரே தளத்தில், 180 பாகையில் இருந்தால் அதற்கு ஃபிளாட் பிளேன் கிராங்க் என்று பெயர். எதிர் எடை இளைத்துவிடும், எஞ்சின் சட்டென்று சுற்று ஏறும். ஃபெராரி வி8-களின் அடையாளமே இதுதான். ஃபோர்டு தன் ஷெல்பி ஜிடி350-க்கு இதே வழியில் 5.2 லிட்டர் எஞ்சினை 8,250 சுற்றுக்கும், ஷெவ்ரோலே கார்வெட் இசட்06-க்கு 5.5 லிட்டரை 8,600-க்கும் கொண்டுபோயின. இதற்குக் கொடுக்கும் விலை அதிர்வு. அவ்வளவு பெரிய பிஸ்டன்களின் இரண்டாம் நிலைக் குலுக்கலை, அதாவது சுற்றுக்கு இரண்டு முறை வரும் குலுக்கலை, யாரும் சமன் செய்வதில்லை, எஞ்சினைச் சுற்றியுள்ள எல்லா பாகங்களும் அதை வாங்கிக்கொள்ள வேண்டும்.

முறுக்கு அதிர்வு

கிராங்க் கல்லுத் தூண் மாதிரி தெரியும். உண்மையில் அது ஒரு ஸ்பிரிங். ஒவ்வொரு வெடிப்பும் ஒரு பின்னை முன்னால் தள்ளும்போது தண்டு மிக நுண்ணிய அளவில் முறுக்கிக்கொள்கிறது, பிறகு விடுபடுகிறது. இப்படி முறுக்கி விடுபடுவதற்கு அதற்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் சின்னக் கையாலும் உயரமாக ஏற்றிவிடலாம் அல்லவா? எஞ்சினின் தள்ளல்கள் அந்த அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் அதுதான் நடக்கும். ஊஞ்சலில் ஆடுவது குழந்தை, இங்கே எஃகு.

நம் கிராங்கின் அதிர்வெண் நொடிக்கு 500 என்று வைப்போம். நிமிடத்துக்கு 30,000. நான்கு சிலிண்டர் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் சுற்றுக்கு இரண்டு வெடிப்பு, ஆகவே தள்ளல்கள் முக்கியமாகச் சுற்றுக்கு 2, 4, 6, 8 என்ற தாளங்களில் வரும். 30,000-ஐ எட்டால் வகுத்தால் 3,750 சுற்று, ஆறால் 5,000, நான்கால் 7,500. எட்டு, ஆறு தாளங்கள் பலவீனமானவை, எஞ்சின் அவற்றைக் கடந்து போய்விடும். நான்காம் தாளம் முரடு. சிவப்புக் கோடு 7,000-இல் இருந்தவரை கிராங்க் அதைச் சந்திக்கவே இல்லை. கோட்டை 9,000-க்கு நகர்த்திய அன்று, புதிய வேகத்துக்குப் போகும் வழியிலேயே 7,500 நிற்கிறது.

பழைய கிராங்கை வைத்தே கம்ப்யூட்டரில் ரெவ் லிமிட்டை, அதாவது சுற்றின் உச்சவரம்பை, மட்டும் ஏற்றுபவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. பல நாள் ஒன்றும் ஆகாது. அப்புறம் ஒரு நாள் கிராங்க் இரண்டு துண்டு.

தப்பிக்க வழி, அதிர்வெண்ணை மேலே தள்ளுவது. அதற்குத் தண்டு விறைப்பாகவும் இலேசாகவும் இருக்க வேண்டும். கனமாக்காதே என்பதற்கு இரண்டாம் காரணம் இது: எடை சேர்த்தால் அதிர்வெண் இறங்கும், ஆபத்தான தாளம் இன்னும் குறைந்த சுற்றிலேயே வந்து நிற்கும். ஜர்னலைத் தடிமனாக்கினால் விறைப்பு வேகமாக ஏறும், விட்டத்தின் நான்காம் அடுக்கில். மெயின் ஜர்னலை 55-லிருந்து 60 ஆக்கினால் அந்தப் பகுதி 42 சதவீதம் விறைப்பாகும். ஆனால் அதே ஜர்னலின் மேற்பரப்பு 9,000 சுற்றில் நொடிக்கு 28 மீட்டர் வேகத்தில் பேரிங்கை உரசப் பார்க்கும். எண்ணெய்ப் படலத்தில் விரயமாகும் சக்தி ஏறத்தாழ 30 சதவீதம் கூடும். ஆகவே வடிவமைப்பாளர்கள் முடிந்தவரை ஆரத்தைக் குறைத்து, படிவை அகலமாக்கி, அதன்பிறகே விட்டத்தில் கை வைக்கிறார்கள்.

மிச்ச அதிர்வைத் தின்பதற்குத்தான் கிராங்கின் முன்முனையில் டாம்பர் இருக்கிறது. பல கார்களில் பெல்ட் ஓடும் புல்லியே டாம்பர்: உள்வளையம், வெளிவளையம், நடுவில் ரப்பர். அது குறிப்பிட்ட ஓர் அதிர்வெண்ணுக்குச் சுருதி சேர்க்கப்பட்டது. கிராங்க் மாறினால் அதையும் மாற்ற வேண்டும். டாம்பர் உள்ள எஞ்சினில் அதைக் கழற்றி அலுமினியப் புல்லி போட்டு, எஞ்சின் சுறுசுறுப்பாகிவிட்டது என்று மகிழ்வது என்னைப் பொறுத்தவரை மோசமான சிக்கனம்.

எண்ணெய் போகும் பாதை

பின்னில் உள்ள பேரிங்குக்கு எண்ணெய் மெயின் ஜர்னலிலிருந்து, கிராங்குக்குள் துளைத்த வழியாகத்தான் வருகிறது. அந்தத் துளை ஜர்னலின் மையத்தைத் தொட்டுப் போனால், வெளியிலிருந்து நுழையும் எண்ணெய் சுழற்சிக்கு எதிராக உள்ளே ஏற வேண்டும். 55 மில்லிமீட்டர் ஜர்னலில் 7,000 சுற்றுக்கு இதற்கு மட்டும் சுமார் 1.7 பார் அழுத்தம் செலவாகும்; 9,000-இல் கிட்டத்தட்ட 2.9 பார். பம்ப் 5 பார் கொடுத்தால் பாதிக்கு மேல் வழிச்செலவு. மையத்தைத் தொடாமல் சாய்வாகத் துளைத்தால் இந்த வரி குறையும். பந்தய எஞ்சின்கள் சிலவற்றில் எண்ணெயைக் கிராங்கின் முனையிலிருந்து மையத்துக்குள்ளேயே ஊற்றிவிடுகிறார்கள். அப்புறம் சுழற்சியே அதைப் பின்களுக்கு வீசிவிடும். துளை பின்னில் திறக்கும் இடமும் முக்கியம். பேரிங்கின் சுமை அதிகம் விழும் பக்கத்தில் திறந்தால் படலம் அங்கே கிழியும்.

உலோகமும் வளைவும்

கிராங்க் அநேகமாக ஒரே அடியில் உடைவதில்லை, சோர்ந்து உடைகிறது. 9,000 சுற்றில் ஒரு கோடி சுழற்சியை எட்ட பத்தொன்பது மணி நேரம்கூட வேண்டாம். விரிசல் தொடங்கும் இடமும் ஏறக்குறைய தெரிந்ததே: ஜர்னல் வெப்பைச் சந்திக்கும் உள்மூலை. அங்கே விசை நெரிசலாகக் கூடும். அதனால் அந்த மூலையை ஃபில்லட் என்ற வழவழப்பான வளைவாகக் கடைகிறார்கள். வளைவின் ஆரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் பெரிதாக்குவது, தண்டில் ஒரு கிலோ சேர்ப்பதைவிட உபயோகமானது. பிறகு உருளையால் அழுத்தி உருட்டியோ, சுமார் 500 பாகை செல்சியஸில் நைட்ரஜனை மேற்பரப்புக்குள் ஊடுருவ விட்டோ, அந்தத் தோலை நிரந்தர அழுக்கத்தில் வைக்கிறார்கள். ஏற்கெனவே அமுக்கப்பட்டிருக்கும் தோலில் விரிசல் வாய் திறப்பது கடினம்.

வார்ப்பிரும்புக் கிராங்க் மிதமான வேகங்களுக்கு நன்றாகவே உழைக்கும், மலிவும்கூட. 9,000-க்கு ஃபோர்ஜிங் செய்த, அதாவது சூடாக்கி அடித்து வடித்த, எஃகு வேண்டும், அல்லது முழு எஃகுக் கட்டியிலிருந்து கடைந்தெடுத்தது. நிக்கல், குரோமியம், மாலிப்டினம் கலந்த 4340 வகை எஃகு இதற்குப் பழகிய தேர்வு.

இவ்வளவும் செய்து கிராங்க் தயாரான பிறகும் எஞ்சின் 9,000-க்குப் போகாமல் இருக்கலாம். ராடின் போல்ட்டுகள் அந்த இழுவையைத் தாங்க வேண்டும். வால்வுகள் ஒவ்வொன்றும் நொடிக்கு 75 முறை திறந்து மூட வேண்டும், ஸ்பிரிங் அதற்கு ஈடுகொடுக்காவிட்டால் வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிடும். காற்று உள்ளே வரும் இன்டேக் வழி குறுகலாக இருந்தால் 7,500-க்கு மேல் சுற்று ஏறும், சக்தி ஏறாது. எனவே எஞ்சினைத் தடுப்பது எது என்று கண்டுபிடித்த பிறகே கிராங்கில் கை வைக்கிறார்கள். பல எஞ்சின்களில் முதலில் மூச்சு முட்டுவது, வால்வுகளும் இன்டேக் வழியும் இருக்கும் சிலிண்டர் ஹெட்டில்தான்.